பேண்டேஜ் பாலம்

"இந்த மரத்துல இருந்து அந்த மரத்துக்கு, அது இனிமே எப்படிப் போகும்?"

வனக்காவலர் இந்து இப்படிக் கேட்டபோது, பசுஞ்சோலை நகரின் மூன்றாவது தெருவே திரண்டு நின்றது. கூட்டத்தோடு கூட்டமாக நானும் நின்றிருந்தேன்.

இந்துவின் கையில் ஒரு சாக்குப்பை இருந்தது. அதற்குள் செத்துப்போன சாம்பல் அணில் ஒன்று. முதுகில் மூன்று கோடு போட்டு நம் வீட்டு மதிலில் ஓடுகிற அணில் இல்லை இது. பூனை அளவு உடம்பு, உடம்பைவிட நீளமான வால், மேலெல்லாம் சாம்பலைத் தூவினாற்போல நரை. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையைச் சரணாலயம் ஆக்கியதே இந்த அணிலுக்காகத்தான். இது தரையில் கால் வைக்க விரும்பாது. மரத்துக்கு மரம் தாவியே பிழைக்கிற பிராணி. அப்படிப்பட்டது அன்று காலை தரையில் இறங்கி ரோட்டைக் கடக்கப் பார்த்தது. பாதி ரோட்டில் அதே தெரு ஹரிகிருஷ்ணன் வீட்டு வெள்ளை நாய் அதைக் கவ்விவிட்டது.

பூங்காவுக்கென்று விட்ட இடத்தில் ஒரு பெரிய புளியமரம் நிற்கிறது. அதன் உச்சியில் அணில் கூடு. செத்தது ஆண். தாயும் குட்டியும் இன்னும் கூட்டில்தான் இருந்தன. புளியமரத்தை அடுத்து ஒரு வீடு, வீட்டுக்கு முன்னால் முப்பதடி ரோடு, ரோட்டைத் தாண்டினால் சமுத்திரம் என்பவரின் மாந்தோப்பு. தோப்பு முடிகிற இடத்தில் காடு தொடங்கிவிடும். இரை, தண்ணீர், மற்ற அணில்கள் எல்லாம் அந்தப் பக்கம்.

இந்து புளியமரத்தைப் பார்த்தார், தோப்பைப் பார்த்தார், நடுவில் இருந்த வீட்டையும் பார்த்தார்.

"நடுவுல ஒரு மரம் நின்னுருக்கணுமே. அதோட கிளை ரெண்டு பக்கமும் தொட்டுருக்கும். அடிக்கட்டையக்கூடக் காணோம், எங்க போச்சு?"

அந்தக் கூட்டத்தில் பதில் ஒருத்திக்கு மட்டும் தெரியும். அந்த அடிக்கட்டை, அவள் வீட்டு போர்ட்டிகோவின் பளபளப்பான டைல்ஸுக்கு அடியில் கிடந்தது.

அவள் பெயர் பியூலா.

பியூலாவுக்கு நாற்பத்திரண்டு வயது. பிறந்தது சோழபுரம். பதினேழு வயதில் இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். முதலில் ரோல் சுற்றுகிற வேலை, பிறகு கட்டிங், இப்போது பத்து வருடமாகச் செக்கிங். ஆஸ்பத்திரிக்குப் போகிற துணி நன்றாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். அதற்கு ஒரு சோதனை உண்டு. துணியில் ஒரு துண்டு வெட்டி டம்ளர் தண்ணீரில் போட வேண்டும். பத்து விநாடிக்குள் முங்கினால் பாஸ். மிதந்தால் அந்த லாட்டே திரும்பிப் போகும். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது டம்ளரைக் குனிந்து பார்ப்பாள். கடிகாரம் பார்க்கவே மாட்டாள். வாய்க்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள், அது கடிகாரத்தோடு சரியாக இருக்கும்.

வீட்டிலும் இதே பழக்கம்தான். புதுத் துண்டு வாங்கினால் வாளியில் போட்டுப் பார்த்த பிறகுதான் உடம்பு துடைக்கக் கொடுப்பாள். "என்னைய இன்னும் தண்ணியில போட்டுப் பாக்கல. அது ஒண்ணுதான் பாக்கி" என்பான் அவள் கணவன் எட்வின். அவன் எலக்ட்ரீசியன். ஏணியும் கயிறும் இல்லாமல் அவனைப் பார்ப்பது அபூர்வம்.

கல்யாணமாகிப் பதினைந்து வருடம் ஐந்து குடும்பத்துக்கு ஒரு குழாய் உள்ள லைன் வீட்டில் இருந்தார்கள். அங்கே ஸ்கூட்டரை நிறுத்த இடம் கிடையாது. மழை நாளெல்லாம் வண்டி நனைந்து, காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும். தனக்கென்று ஒரு வீடு கட்டினால் அதில் வேறு எது இருக்கிறதோ இல்லையோ, ஒரு போர்ட்டிகோ இருக்க வேண்டும் என்று பியூலா அப்போதே நினைத்துவிட்டாள்.

மம்சாபுரம் போகிற வழியில், மலையடிவாரத்தில், பசுஞ்சோலை நகர் பிளாட் போட்டார்கள். போர்டில் பச்சைப் பச்சையாகப் படம். உள்ளே இருந்த சோலையை வெட்டி, பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பியூலா வாங்கிய பிளாட்டின் முன்பக்கம் ஒரு பழைய வேப்பமரம் நின்றது. சரியாகப் போர்ட்டிகோ வர வேண்டிய இடம்.

"சார், இந்த மரம் மட்டும் இடிக்குது" என்றாள் பிளாட் போட்ட கௌதம்ராஜிடம்.

"இம்புட்டுத்தானா மேடம்?" என்றார் அவர்.

மத்தியானம் மிஷின் வந்தது. அரைமணி நேர வேலை. மிஷின் ஓட்டியவருக்குப் பியூலாவே காப்பி போட்டுக் கொடுத்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது இது. அதன் பிறகு அந்த வேம்பை அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. இந்து கேட்ட அன்றுதான் நினைத்தாள்.

கூட்டம் கலைய ஆரம்பித்தது. பியூலா மட்டும் இந்துவின் பைக் அருகே போய் நின்றாள்.

"மேடம், அந்த மரத்த வெட்டச் சொன்னது நாந்தான்."

இந்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று பியூலா எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் மனசு லேசாகியிருக்கும்.

"சொன்னீங்களே, அதுவே பெருசு. மத்த எடத்துல மரம் தானா விழுந்துச்சும்பாங்க" என்றார் இந்து. "கயித்துப் பாலம் கேட்டு ஆபீஸுக்கு எழுதுறேன்க்கா. வர நாளாகும்."

"அதுவரைக்கும்?"

"நாயக் கட்டி வைக்கச் சொல்லுங்க. புளியமரத்துல எத்தனை நாளைக்குத் தாங்கும்னு தெரியல. குட்டிக்குப் பசி வந்தா தாய் எறங்கத்தான் செய்யும்."

"நாங்களே கட்டுனா?"

இந்து யோசித்தார். மேலதிகாரிக்குப் போன் போட்டுக் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு வரிசையாகச் சொன்னார்: மரத்தில் ஆணி அடிக்கக்கூடாது. கூட்டுப் பக்கம் போகவே கூடாது. வண்டி போகிற உயரத்துக்கு மேலே இருக்க வேண்டும். கரண்டு கம்பி பக்கத்தில் வரக்கூடாது. கட்டும்போது அவரும் கூட இருப்பார். நல்லவேளையாகக் கம்பி பின்தெரு வழியாகத்தான் போகிறது.

சாயங்காலம் எட்வினிடம் சொன்னாள். அவன் மொட்டை மாடிக்கு ஏறி, இரண்டு பக்கமும் கையை நீட்டி அளந்தான்.

"ஏட்டி, புளியமரத்துல இருந்து நம்ம மாடிப்படி ரூம் கூரைக்கு ஒண்ணு, கூரையில இருந்து தோப்பு மாமரத்துக்கு ஒண்ணு. வேம்பு நின்ன எடத்துல இனிமே நம்ம வீடுதான் மரம்."

"அப்ப நாம?"

"நாம எல திங்க வந்த ஆடு."

மறுநாள் இருவரும் தோப்புக்காரர் சமுத்திரத்தைப் பார்க்கப் போனார்கள். மாமரத்தில் ஒரு கயிறு கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டதும் அவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார்.

"என் மாங்காயத் திங்க, என் மரத்துலயே பாலமா? அது நடந்து வந்து திங்கிறது பத்தாதாக்கும்?"

"எம்புட்டுத் திங்கும் அண்ணாச்சி?" என்றாள் பியூலா.

"அது திங்கிறதக்கூடப் பொறுத்துக்கலாம் தாயி. ஒரு கடி கடிச்சுட்டுக் கீழ போடும் பாரு, அதான் வயித்தெரிச்சல்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, அவரே சொன்னார்: "மூணு வருசமா எவன் வந்தாலும் தோப்பத் தாரீயா, தோப்பத் தாரீயான்னுதான் கேக்கான். மரத்தக் கேட்டு வந்தது நீதான். கட்டிக்கோ. கயிறு பட்டையில அறுக்கப்படாது. சாக்கு வச்சுக் கட்டு."

கயிற்றின் மேல் எதைச் சுற்றுவது? நைலான் கயிறு மட்டும் போட்டால் அணிலுக்கு நகம் பிடிக்காது, வழுக்கும். பியூலாவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. யூனிட்டில் முதலாளியிடம் கேட்டு, ஓரம் வெட்டியதும் மிச்சம் விழுந்ததுமாக ஒரு மூட்டை வாங்கி வந்தாள். கண்ட துணியை அவள் தொடவில்லை. எட்டு விநாடியில் முங்குகிற முதல் தரத் துணியாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினாள். கட்டுவது அணிலுக்குப் பாலம், அதில் மட்டமான சரக்கா என்று அவளுக்கு நினைப்பு.

பாலம் ஏறியது. பால் வெள்ளை. தெருவே வேடிக்கை பார்த்தது. நலச்சங்கத் தலைவர் ஹரிகிருஷ்ணன் தலையை அண்ணாந்து வைத்தபடி நின்றார். மில்லில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். எதைப் பார்த்தாலும் அதில் ஒரு குற்றம் கண்டுபிடிக்காமல் இருக்க அவரால் முடியாது.

"பியூலாம்மா, நம்ம தெருவுக்குக் கால் ஒடிஞ்சு போச்சா? கட்டுப் போட்டுருக்கீங்க?"

"உங்க நாய் கடிச்சதுக்குத்தான் அண்ணாச்சி" என்றாள் பியூலா. அவர் அன்றிலிருந்து நாயைக் கட்டித்தான் போட்டார். ஆனாலும் தன் நாய் அப்படிச் செய்யாது, அணில்தான் வாய்க்குள் வந்து விழுந்திருக்கும் என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் ஆனது. தாய் அணில் கிளை நுனி வரை வரும், கழுத்தை நீட்டி வெள்ளைக் கயிற்றைப் பார்க்கும், "கட கட கட" என்று சத்தம் போட்டுவிட்டுத் திரும்பிவிடும்.

நான்காவது நாள் ஐப்பசி மழை கொட்டியது. தண்ணீர் குடிப்பதற்கென்றே நெய்த துணி, குடித்தது. குடிக்கக் குடிக்கக் கனத்தது. கனம் தாங்காமல் தொங்கியது. காலை எட்டரை மணிக்குச் சிவபாண்டி தன் பள்ளிக்கூட வேனை ஓட்டிக்கொண்டு தெருவுக்குள் வந்தான். வேன் மேல் கேரியர் இருந்தது. தொங்கிய பாலம் கேரியரில் மாட்டியது. 'மளுக்' என்று ஒரு சத்தம். மாடியில் கயிறு கட்ட நட்டிருந்த குழாய் வளைந்து, பாலம் முழுசும் உருவிக்கொண்டு வந்து வேனைச் சுற்றியது. கண்ணாடி, கதவு, லைட்டு, எங்கே பார்த்தாலும் பேண்டேஜ்.

வேனுக்குள் இருந்த பிள்ளைகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வேனுக்கு அடிபட்டுருச்சு! வேனுக்கு அடிபட்டுருச்சு!"

சிவபாண்டி இறங்கி வண்டியைச் சுற்றி வந்தான். "யக்கா, பத்து வருசமா ஓட்டுறேன். ஒரு கீறல் கெடையாது. இன்னைக்குத்தான் ஆஸ்பத்திரியில இருந்து டிஸ்சார்ஜ் ஆன மாதிரி போறேன்."

ஹரிகிருஷ்ணன் குடையோடு வாசலுக்கு வந்துவிட்டார். "நான் அன்னைக்கே நெனச்சேன்."

"நெனச்சத வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல அண்ணாச்சி!" என்றான் சிவபாண்டி.

பியூலா உட்பட எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சிரிப்பு அடங்கியதும் அவள் கண் புளியமரத்துக்குப் போனது. தாய் அணில் நனைந்த வாலை முதுகில் போர்த்திக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே அரையடியில் ஒரு குட்டித் தலை. ரோட்டுக்கு இறங்குகிற வழியைத்தான் இரண்டும் பார்ப்பதுபோல அவளுக்குத் தோன்றியது.

"பத்து வருசமா தண்ணியில துணியப் போட்டுப் பாத்துருக்கேன். மழையும் தண்ணிதான்னு எனக்குத் தோணல பாருங்க" என்றாள் எட்வினிடம்.

"அம்புட்டு நல்ல துணியப் போட்டது உன் தப்பு" என்றான் அவன். விளையாட்டுக்குத்தான் சொன்னான். பியூலாவுக்கு அது மனசில் தைத்துவிட்டது.

மறுநாள் யூனிட்டில் சாப்பாட்டு நேரத்தில் காடா துணி அடுக்கியிருக்கிற குடோனுக்குப் போனாள். காடா என்றால் தறியிலிருந்து வந்தபடியே இருக்கிற துணி. வேகவைத்து வெளுக்கும் முன், பருத்தியின் மெழுகும் பாவுக்குப் போட்ட கஞ்சியும் போகாமல், மங்கலான மண்ணிறத்தில் இருக்கும். செக்கிங் மேஜைக்கு அது வரவே வராது. ஒரு துண்டை வெட்டி டம்ளரில் போட்டாள். வாய்க்குள் எண்ணினாள். பத்து ஆனது. ஐம்பது ஆனது. துணி மேலேயே படுத்துக் கிடந்தது.

பக்கத்து மேஜை பரிபூரணம் எட்டிப் பார்த்தாள். "என்னட்டி, மெதக்குது?"

"மெதக்கட்டும்க்கா, மெதக்கட்டும்! நல்லா மெதக்கட்டும்!"

"இவளுக்கு என்னமோ ஆயிருச்சு" என்றாள் பரிபூரணம். விஷயம் தெரிந்ததும் முதல் ஆளாகப் பின்ன உட்கார்ந்தவளும் அவள்தான். அன்றிலிருந்து பத்து நாள், சாப்பாட்டு நேரத்தில் ஏழெட்டுப் பெண்கள் சோற்றுக் கையைக் கழுவிவிட்டுக் காடா கிழிசலை நைலான் கயிற்றின் மேல் சடை பின்னுகிற மாதிரி பின்னினார்கள். கஞ்சி வாடைக்கு எறும்பு வரும் என்று பரிபூரணம் சொன்னதால் அதை மட்டும் வெறும் தண்ணீரில் அலசி எடுத்தார்கள். மெழுகு போகவில்லை. மறுபடி டம்ளரில் போட்டார்கள், மறுபடியும் மிதந்தது.

இந்த முறை ஒற்றைக் கயிறு இல்லை. இரண்டு கயிறு, நடுவே குறுக்குப் படி, படுக்கவைத்த ஏணி மாதிரி. எட்வின் கூரையில் தடித்த குழாய் நட்டான். சாக்கு வைத்து மரங்களில் கட்டினான். சிவபாண்டி தன் வேன் கேரியரின் மேல் ஒரு மூங்கிலை நிமிர்த்திப் பிடித்தபடி மூன்று தடவை அடியில் வண்டியை விட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப யானை வந்தாலும் போவும்க்கா" என்றான். இந்து ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தார். மழை இரண்டு முறை பெய்தது. பாலம் நனைந்தது, சொட்டியது, காய்ந்தது. தொங்கவில்லை. நிறம் வேறு மரப்பட்டை போலவே இருந்தது.

ஆனாலும் அணில் வரவில்லை. ஒரு வாரம் போனது. புளியமரத்தில் கொறிக்க ஏதும் மிஞ்சியிருக்குமா என்று பியூலாவுக்குச் சந்தேகம். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் முதலில் ரோட்டைத்தான் பார்ப்பாள், அங்கே ஏதாவது கிடக்கிறதா என்று.

நவம்பர் கடைசி ஞாயிறு. போன வருடம் கிறிஸ்துமஸ் ஸ்டாரை மாடியில்தான் கட்டியிருந்தார்கள். இந்த வருடம் லைட்டு எரிந்தால் அணில் மிரளும் என்று பியூலா அதைக் கேட்டிலேயே கட்டிக்கொண்டிருந்தாள். ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகப் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். எட்வின் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏட்டி," என்றான் மெதுவாக. "திரும்பாத. அப்படியே மேல பாரு."

தாய் அணில் பாலத்தின் மேல் நின்றது. ஒரு படி, இரண்டு படி, பிறகு நின்று மோந்து பார்த்தது. பிசிறாகத் தொங்கிய ஒரு காடா நுனியைப் பல்லால் இழுத்துப் பார்த்தது. பியூலா வாய்க்குள் எண்ண ஆரம்பித்துவிட்டாள். ஏழு என்று எண்ணும்போது அணில் மாடிப்படி ரூம் கூரைக்கு வந்தது. வாலை ஒரு சொடுக்குச் சொடுக்கியது. ஒன்பதில் ரோட்டுக்கு மேலே இருந்தது. பத்தில் மாமரத்து இலை அசைந்தது. அணிலைக் காணோம்.

பக்கத்து வீட்டு மாடியில் ஹரிகிருஷ்ணன், இரண்டு கையாலும் நாயின் வாயைப் பொத்திக்கொண்டு, வீட்டுக்குள் மட்டும் பேசுகிற தெலுங்கில் கத்திக்கொண்டிருந்தார்: "ஒச்சிந்தி! ஒச்சிந்தி!" வந்துவிட்டதாம். அவர் பெற்ற பிள்ளை துபாயிலிருந்து வந்தபோதுகூட இவ்வளவு சத்தம் போடவில்லை என்று அவர் மனைவி பிறகு சொன்னார்.

"பாஸ்" என்றாள் பியூலா. கண்ணைத் துடைக்கச் சேலைத் தலைப்பை எடுத்தவள், பட்டு தண்ணீர் குடிக்காது என்று எட்வின் துண்டை வாங்கிக்கொண்டாள். கோயிலுக்கு அன்று அரைமணி நேரம் தாமதம்.

பத்து நாள் கழித்துக் குட்டியும் தாயின் பின்னாலேயே போனது. பாதியில் பயந்து படுத்துக்கொண்டு, தாய் திரும்பி வந்து அதட்டிய பிறகு போனது.

செய்தி பரவியது. கௌதம்ராஜ் வந்து பாலத்தைப் படம் பிடித்தார். 'அணில்கள் விளையாடும் நகர்' என்று அடுத்த விளம்பரத்தில் போடப்போவதாகச் சொன்னார். அப்படியே தோப்புக்குள் போய், அதையும் பிளாட் போடலாமே என்று சமுத்திரத்திடம் பழைய பேச்சை எடுத்தார்.

"போடலாம். ஆனா அணில் பாலத்துல வந்து பொறவு எங்க எறங்கும்? உங்க ஆபீஸ்லயா?" என்றார் சமுத்திரம். இந்த வருடம் தோப்பு தோப்பாகவே இருக்கிறது. அடுத்த வருடத்தைப் பற்றி அவர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

கடைசியாக இந்துவும் ஒரு கேள்வி கேட்டார். "அக்கா, இந்தத் துணி எத்தனை வருசம் வரும்?"

துணி விஷயத்தில் பியூலா பொய் சொல்ல மாட்டாள். "இந்த வெயிலுக்கு ரெண்டு வருசம். பொறவு மக்கிரும்."

"பொறவு?"

அந்த வாரமே எட்வின் சுத்தியலும் உளியும் எடுத்தான். போர்ட்டிகோவின் கூரையையும் டைல்ஸில் பாதியையும் பியூலாவே நின்று உடைக்கச் சொன்னாள். முதல் டைல்ஸ் உடைந்தபோது அவளுக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. அடியில் பழைய வேம்பின் கட்டை மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. அதன் பக்கத்திலேயே குழி வெட்டி, இந்து கொண்டுவந்த வாகைக் கன்றை நட்டார்கள். சீக்கிரம் வளரும், கிளையை அகலமாக விரிக்கும். பாலம் மக்குவதற்குள் அது எங்கே வளர்ந்துவிடும், இன்னும் ஒரு பாலமாவது பின்னத்தான் வேண்டியிருக்கும் என்று பியூலாவுக்குத் தெரியும். அதற்கான காடா துணியை இப்போதே எடுத்து வைத்திருக்கிறாள்.

ஸ்கூட்டர் மறுபடி மழையில் நிற்கிறது.

"ஆசப்பட்டுக் கட்டுன போர்ட்டிகோ. வண்டி நனையுதே பியூலாம்மா" என்றார் ஹரிகிருஷ்ணன், இந்த முறை உண்மையான வருத்தத்தோடு.

"நனையட்டும் அண்ணாச்சி. அது என்ன பேண்டேஜா, கனத்துத் தொங்க? தொடச்சா காஞ்சிரும்."

இப்போது நான்காவது தெருவில் யாராவது பிளாட் பார்க்க வந்தால் பியூலா வேலையைப் போட்டுவிட்டு ஓடிவிடுகிறாள். பிளாட்டில் ஒரு மரம் நின்றால் அதன் கீழே அவர்களை நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொல்கிறாள். "இது எந்த மரத்தத் தொடுது? அந்தப் பக்கம் எதத் தொடுது? பாத்துட்டுப் பொறவு பிளான் போடுங்க." சிலர் முறைத்துவிட்டுப் போகிறார்கள். இருவர் போர்ட்டிகோவைப் பின்பக்கம் மாற்றிக்கொண்டார்கள்.

மலையடிவாரத்தில் இடம் வாங்கப்போகிற யாராவது உங்களுக்கும் தெரிந்தவர்களாக இருப்பார்கள். சொந்தக்காரரோ, கூட வேலை பார்ப்பவரோ. அவர்கள் மரத்தைக் காட்டி "இது மட்டும் இடிக்குது" என்று சொல்வதற்கு முன்னால், பியூலாவின் கதையை அவர்களிடம் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.